வைக்கோலை விற்க முதல் உர பேக்கைப் பாருங்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள். வேளாண்மை செய்கிறவர்களும் மில் வைத்திருப்பவர்களும் பிரதேச சபையில் இருப்பவர்களும் கட்டாயம் வாசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இரண்டு வாரமாக நம்மட ஊர் வட்ஸ்அப் குழுக்களில் ஒரு வீடியோ சுற்றுகிறது. வைக்கோலை அரைக்கிறார்கள், பிளாஸ்டிக்கோடு கலக்கிறார்கள், மறுபக்கத்தால் பலகையும் கதிரையும் கப்பும் வருகிறது. அதற்குக் கீழே ஒருவர், "நாங்க எரிக்கிறோம், அவன் காசாக்குறான்" என்று எழுத, எல்லோரும் கைதட்டியிருக்கிறார்கள். இன்னொருவர் ஒரு படி மேலே போய், நம்மட பக்கம் இப்படி ஒரு தொழிற்சாலை வந்தால் வட்டையில் கிடக்கிற வைக்கோல் முழுவதையும் அள்ளிக் கொடுத்துவிடலாம், வயலும் துப்பரவாகிவிடும் என்கிறார். கடையில் "வைக்கோல் கப்" என்று வாங்கிப் பிள்ளைகளுக்குக் கொடுத்த தாய்மார் சிலர் என்னிடம், "சேர், இது மண்ணில போட்டா உக்கிப் போகுமாமே?" என்று கேட்கிறார்கள்.

அந்த வீடியோவில் உள்ள தொழில்நுட்பம் உண்மையானது. உலகத்தில் பல வருடமாக நடக்கிற வேலை. அதைப் பார்த்துவிட்டு நாம் எடுக்கிற முடிவுகள்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வேலையை அம்பாறை மாவட்டக் கரையோரத்தில் நாம் செய்யலாம். ஆனால் வைக்கோலில் தொடங்கக் கூடாது. மில்லில் மிஞ்சுகிற உமி, வளவில் குவிகிற பொச்சுமட்டை, வெறும் உர பேக், இவற்றில் தொடங்க வேண்டும். செய்கிற சாமான் பத்துப் பதினைந்து வருடம் பாவிக்கிற சாமானாக இருக்க வேண்டும். அதை "உக்கும்" என்று சொல்லி யாருக்கும் விற்கக் கூடாது.

முதலில் இது என்ன வேலை என்று விளங்கிக்கொள்வோம். நமது மூத்தவர்கள் மண் வீடு கட்டும்போது களிமண்ணோடு வைக்கோலைப் போட்டு மிதித்தார்கள். வெறும் மண் சுவர் காய்ந்தால் வெடிக்கும். உள்ளே வைக்கோல் இருந்தால் வெடிப்பு ஓடாது. ஒரு பொருள் உருவத்தைக் கொடுக்கிறது, மற்றது இழுவையைத் தாங்குகிறது. கொங்கிறீட்டுக்குள் கம்பி போடுவதும் இதே கதைதான்.

10ஆம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு இதை நான் ஐஸ் கட்டியில் காட்டுவது வழக்கம். ஒரு ஐஸ்கிரீம் பெட்டியில் வெறும் தண்ணீர், இன்னொன்றில் தண்ணீரோடு மரத்தூள். இரண்டையும் உறைய வைத்து அடுத்த நாள் சுத்தியலால் தட்டச் சொல்வேன். முதலாவது ஒரே அடியில் சிதறும். இரண்டாவதை உடைக்க வகுப்பே வரிசையில் நிற்க வேண்டிவரும். வீட்டில் செய்து பாருங்கள், செலவே இல்லை.

பிளாஸ்டிக்கிலும் இதைத்தான் செய்கிறார்கள். நாரை உள்ளே போடுவார்கள். பொதுவாக இந்த வேலைக்குக் கண்ணாடி நார் பாவிப்பார்கள். அது பலம்தான், ஆனால் பாரம் கூட. கண்ணாடி நாரின் அடர்த்தி ஒரு கன சென்ரிமீற்றருக்கு 2.5 கிராம் அளவில் வரும். தாவர நார் 1.2 முதல் 1.5 வரைதான். பாரம் குறைய வேண்டும் என்று நினைக்கிற கார்க் கம்பனிகள் இதனால்தான் தாவர நாரின் பக்கம் திரும்பின. ஃபோர்ட் கம்பனி 2010 மொடல் ஃப்ளெக்ஸ் வாகனத்தில், பின்பக்கச் சாமான் பெட்டிகளுக்கு 20 வீதம் கோதுமை வைக்கோல் கலந்த பிளாஸ்டிக்கைப் போட்டது. 2014இல் எஃப்-150 என்ற பிக்கப் வாகனத்தில் வயர் தாங்கும் ஒரு பகுதிக்கு ஆர்கன்சா மாநிலத்து நெல் உமியைப் பாவித்தது.

இந்த உமிக் கதையில் ஒரு கணக்கு இருக்கிறது. அந்த முதல் வருடத்துக்குத் தேவைப்படும் என்று கம்பனி சொன்ன உமி 45,000 இறாத்தல். கிட்டத்தட்ட 20 தொன். நெல்லின் நிறையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உமி. ஆகவே 100 தொன் நெல் குற்றினால் அந்த 20 தொன் வந்துவிடும். அமெரிக்காவில் அதிகம் விற்கிற வாகனங்களில் ஒன்றுக்கு ஒரு வருடத்துக்குத் தேவையான உமியை நம்மட பகுதியில் ஒரு சாதாரண மில் கொஞ்ச நாளில் கொடுத்துவிடும். தொழிற்சாலை வந்தால் வட்டை வைக்கோல் எல்லாம் போய்விடும் என்று கனவு காண்கிறவர்கள் இந்தக் கணக்கை ஒரு தரம் போட்டுப் பார்க்க வேண்டும். நம்மிடம் உள்ள கழிவின் அளவு ஒரு மலை. இந்தத் தொழில் வாங்குகிற அளவு ஒரு கூடை. மலைக்கு வேறு வழியும் தேடத்தான் வேண்டும்.

சரி, வைக்கோலுக்கு வருவோம். ஏன் வேண்டாம் என்கிறேன்?

நெற்பயிர் மண்ணிலிருந்து எடுக்கிற பொற்றாசியத்தில் 80 வீதத்துக்கு மேல் வைக்கோலில்தான் நிற்கிறது. நெல்மணிக்குள் போவது கொஞ்சம். ஒரு தொன் வைக்கோலில் 12 முதல் 17 கிலோ வரை பொற்றாசியம் இருக்கும். ஒரு ஏக்கரில் 2 தொன் வைக்கோல் விழுகிறது என்று வைத்துக்கொண்டால் 24 முதல் 34 கிலோ. நாம் கடையில் வாங்குகிற எம்.ஓ.பி. உரத்தில் பாதி நிறைதான் பொற்றாசியம். அப்படியானால் ஏக்கருக்கு 50 முதல் 70 கிலோ வரை எம்.ஓ.பி. உங்கள் வயலில் வைக்கோலாகக் கிடக்கிறது. ஒரு பேக்குக்குக் குறையாது. 2021இல் இரசாயன உரத்தை நிறுத்தியபோது நாம் பட்ட பாட்டையும் பிறகு உர விலை ஏறிய விதத்தையும் மறந்தவர்கள் இருக்க மாட்டார்கள். அந்த ஒரு பேக்கை லொறியில் ஏற்றிக் கொடுத்துவிட்டு, கடையில் போய் இன்னொரு பேக் வாங்குவதா?

எரிப்பவர்களுக்கும் ஒன்று. எரித்தால் வைக்கோலில் உள்ள நைதரசன் அநேகமாக முழுவதும் புகையோடு போய்விடும். பொற்றாசியத்தில் பெரும்பகுதி சாம்பலில் மிஞ்சும். இதைக் கொஞ்சம் யோசியுங்கள். பொற்றாசியத்தைப் பொறுத்தவரை, எரிப்பதைவிட முழுவதையும் அள்ளி விற்பதுதான் மண்ணுக்குக் கூடுதல் நட்டம். எரிப்பது நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. அந்தப் புகை வருகிற நாட்களில் வகுப்பில் எத்தனை பிள்ளைகள் இருமுகிறார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் "எரிப்பதற்குப் பதில் விற்போம்" என்பது கேட்க இனிமையாக இருந்தாலும் வயலின் கணக்கில் சரிவராது.

விவசாயத் திணைக்களம் பல வருடமாக வைக்கோலை வயலுக்கே திருப்பிப் போடச் சொல்கிறது. நமது ஆட்கள் ஏன் போடுவதில்லை என்பதும் எனக்குத் தெரியும். அறுவடை மெஷின் வைக்கோலை வரிசையாகக் குவித்துவிட்டுப் போகிறது, அதைப் பரப்பக் கூலி வேண்டும். பெரும்போகத்துக்கும் சிறுபோகத்துக்கும் இடையில் உக்குவதற்கு நாட்கள் குறைவு. உக்காத வைக்கோலோடு விதைத்தால் நாற்று மஞ்சளாகிறது என்ற முறைப்பாடும் பிழையில்லை. பச்சை வைக்கோல் உக்கும்போது மண்ணில் உள்ள நைதரசனைக் கொஞ்ச நாளைக்குப் பிடித்து வைத்துக்கொள்ளும். இதற்கெல்லாம் தீர்வு, அறுவடை முடிந்த கையோடு வைக்கோலைப் பரப்பிவிடுவதும் உழவு மெஷினை முந்தி இறக்குவதும். அது விவசாய விரிவாக்கத்தின் வேலை, வேறு பதிவில் பேசலாம். அத்தோடு மாடு வளர்ப்பவர்களும் நம்மோடுதான் இருக்கிறார்கள். வெயில் காலத்தில் புல் இல்லாதபோது மாட்டுக்கு வைக்கோலைத் தவிர என்ன இருக்கிறது?

இன்னொரு நடைமுறைப் பிரச்சினை. வைக்கோல் பார்க்கப் பெரிது, நிறுக்கச் சிறிது. லொறி நிறைய ஏற்றினாலும் அதில் பாதி காற்று. டீசல் விற்கிற விலையில், கட்டுக் கட்டும் மெஷின் இல்லாமல் தூர இடத்துக்கு வைக்கோல் ஏற்றி எவரும் லாபம் பார்க்க முடியாது. பெரும்போக அறுவடை நேரத்தில் மழை பெய்தால் வைக்கோல் நனைந்து பூஞ்சணம் பிடிக்கும். நனைந்த நார் இந்தத் தொழிலுக்கு உதவாது. உருகிய பிளாஸ்டிக்குக்குள் ஈரம் போனால் ஆவியாகி உள்ளே கொப்புளம் கொப்புளமாக நிற்கும்.

உமி அப்படியில்லை. ஏற்கெனவே மில்லில் ஓரிடத்தில் குவிந்து, காய்ந்து, ஒரே அளவில் கிடக்கிறது. அரைப்பது இலகு. ஆனால் உமி எல்லாம் சும்மா கிடக்கிறது என்றும் சொல்ல முடியாது. புழுங்கல் மில்காரர் தன் உமியைத் தன் அடுப்புக்கே போடுவார். செங்கல் சூளைக்கும் போகிறது. மிஞ்சுகிற உமியைத்தான் நாம் பேச வேண்டும். மில்லுக்குப் பின்னால் மழையில் கறுத்து, யாரோ இரவில் நெருப்பு வைத்துவிட்டுப் போகிற அந்தக் குவியலை.

உமியில் ஒரு குறையும் உண்டு. எரித்தால் ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாக நிற்கும், அந்தச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா, அதாவது மணலின் இனம். அது மெஷினின் உள் ஸ்குரூவைத் தேய்த்துவிடும். மெஷின் வாங்குகிறவர் இதைக் கேட்டு வாங்க வேண்டும். அத்தோடு, உமித்தூள் போட்டால் பிளாஸ்டிக் விறைப்பாகும், செலவு குறையும், ஆனால் அடிக்குத் தாங்கும் தன்மை பெரிதாகக் கூடாது. சில நேரம் குறையவும் செய்யும். தூள் இடத்தை நிரப்பும். இழுத்துப் பிடிக்க நீளமான நார் வேண்டும்.

அந்த இடத்தில்தான் நம்மட தும்பு வருகிறது. தென்னந்தும்பு மற்ற நார்களைவிட பலத்தில் கொஞ்சம் பின்னுக்கு. ஆனால் அறுவதற்கு முதல் நன்றாக நீளும், அதனால் திடீர் அடியைத் தாங்கும். அதில் இலிக்னின் கூட இருப்பதால் ஈரத்திலும் உப்பிலும் சீக்கிரம் பழுதாகாது. கப்பல் கயிற்றுக்கும் மீன்பிடிக் கயிற்றுக்கும் தும்பைத் தேடியது சும்மா இல்லை. நம்மட ஊர்களில் எத்தனை வளவில் பொச்சுமட்டை குவிந்து, மழைக்குத் தண்ணீர் பிடித்து, நுளம்பு வளர்க்கிறது? டெங்குக் காலத்தில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து ஏசிவிட்டுப் போவார், நாம் அதை வீதியில் தூக்கிப் போடுவோம். வாழைக்குலை வெட்டிய பிறகு சரிக்கிற தண்டிலும் நல்ல நார் இருக்கிறது, தும்பைவிட விறைப்பானது. உமியை நிரப்பவும் தும்பைப் பிடிக்கவும் பாவிப்பதுதான் நமக்குப் பொருத்தம் என்பது என் அபிப்பிராயம்.

பன் கீறி, காயவைத்து, சாயம் போட்டுப் பாய் இழைக்கிற நம்மட பெண்களை இந்தப் பேச்சில் யாரும் கூப்பிடுவதில்லை. நாரை எப்போது நனைக்க வேண்டும், எவ்வளவு காய வேண்டும், எந்தப் பக்கம் கிழியும் என்பதெல்லாம் அவர்களுக்குக் கையில் இருக்கிற அறிவு. இழைத்த நாரை பிளாஸ்டிக் தாள்களுக்கு நடுவில் வைத்துச் சூட்டில் அழுத்தித் தட்டையான பலகை எடுக்கிற முறையும் இந்தத் துறையில் உண்டு. ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பீடமும் தொழில்நுட்ப பீடமும் இருக்கின்றன. இரண்டு பக்கமும் ஒரு மேசையில் இருந்தால் நல்லது.

இனிப் பிளாஸ்டிக் பக்கம். எந்தப் பிளாஸ்டிக்கும் சரி என்று நினைத்துவிடாதீர்கள். தாவர நார் 200 பாகை செல்சியஸுக்கு மேல் கருகத் தொடங்கும். ஆகவே அதற்குக் கீழே உருகுகிற பிளாஸ்டிக்தான் சரிவரும். பொலித்தீன் வகைகள் 105 முதல் 135 பாகைக்குள் உருகும். பொலிப்புரோப்பிலீன் 160 பாகையைக் கொஞ்சம் தாண்டி உருகும். இவை சரி. நாம் எல்லா இடத்திலும் எறிகிற தண்ணீர்ப் போத்தலும் சோடாப் போத்தலும் 250 பாகைக்கு மேல்தான் உருகும். அதற்குள் உமி கரியாகிவிடும். கண்ணுக்கு அதிகம் படுகிற குப்பை இந்த வேலைக்கு உதவாத குப்பை.

சாமானின் அடியில் முக்கோணத்துக்குள் ஒரு இலக்கம் இருக்கும். 2, 4, 5 என்றால் இதற்கு ஆகும். 1 என்றால் போத்தல் வகை, ஆகாது. 3 என்றால் பி.வி.சி., அதைக் கலந்து சூடாக்கினால் அமில வாயு வரும், தொடவே வேண்டாம். பிள்ளைகளுக்கு இதைப் பார்க்கப் பழக்குங்கள், அவர்கள் நம்மைவிடச் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள்.

இப்போது உர பேக்குக்கு வருகிறேன். யூரியா வருகிற பின்னல் பேக், அரிசி வருகிற பின்னல் பேக், இரண்டும் பொலிப்புரோப்பிலீன். இலக்கம் 5. உள்ளே இருக்கிற மெல்லிய உறை பொலித்தீன். ஒவ்வொரு போகமும் ஒவ்வொரு விவசாயி வீட்டிலும் இது சேருகிறது. கொஞ்சம் நெல் கட்டப் போகும், கொஞ்சம் வேலி மறைக்கப் போகும், வெயிலில் கிடந்து நார் நாராகக் கொட்டி வாய்க்காலில் போகும், மிச்சம் நெருப்பில். சமையலறைக் குப்பையிலிருந்து பிளாஸ்டிக் பிரிப்பதைவிட இது எவ்வளவோ இலகு. ஒரே இனம், ஒரே இடம், கழுவினால் போதும். வயலிலிருந்து வந்த உமியும் வயலுக்குப் போன பேக்கும் சேர்ந்து ஒரு பலகையாவதென்றால் அதைவிடப் பொருத்தமான தொடக்கம் எனக்குத் தெரியவில்லை. ஒரு நிபந்தனை: கிருமிநாசினிப் போத்தலை இதற்குள் கலக்கவே கூடாது. அது இலக்கம் 2 என்றாலும் உள்ளே நஞ்சு ஊறியிருக்கும்.

இதை வாசித்துவிட்டு யாரும் பீப்பாயை அடுப்பில் வைக்காதீர்கள். யூடியூப்பில் சொப்பிங் பேக்கை உருக்கி மணலும் வைக்கோலும் கலந்து கல் செய்கிற வீடியோக்கள் நிறைய இருக்கின்றன. திறந்த நெருப்பில் சூட்டைக் கட்டுப்படுத்த முடியாது. புகையைச் சுவாசிக்கிறவர் முதலில் நீங்கள், பிறகு உங்கள் பிள்ளைகள். அத்தோடு அப்படிச் செய்த பொருள் நிற்காது. நார் தண்ணீரை விரும்புகிற பொருள், பிளாஸ்டிக் தண்ணீரை விரட்டுகிற பொருள். இரண்டையும் சும்மா கலந்தால் எண்ணெயும் தண்ணீரும் போல ஒட்டாமல் நிற்கும். தட்டினால் நார் தனியாகக் கழன்று வரும். இரண்டையும் சேர்த்துப் பிடிக்க ஒரு இடையாள் தேவை. தொழிற்சாலைகளில் மெலெயிக் நீரிலி ஏற்றிய பொலிப்புரோப்பிலீனைச் சில வீதம் போடுவார்கள். சவர்க்காரம் எண்ணெயையும் தண்ணீரையும் பிடிப்பது போல அதன் ஒரு முனை நாரையும் மறுமுனை பிளாஸ்டிக்கையும் பிடிக்கும். நாரைக் காரத்தில் கழுவி மேற்பரப்பைச் சொரசொரப்பாக்குவதும் ஒரு வழி, ஆனால் அந்தக் காரத் தண்ணீரை வாய்க்காலில் விட்டால் குப்பைக்குப் பதிலாக இன்னொரு பிரச்சினையை வாங்கியது போலாகும். இது பயிற்சி உள்ளவர்கள், சூடு அளக்கிற மெஷினில், காற்றோட்டத்தோடு செய்ய வேண்டிய வேலை.

அந்தத் தாய்மாரின் கேள்விக்குப் பதில்: இல்லை, உக்காது. கடையில் "வைக்கோல் கப்" என்று விற்பதில் பெரும்பாலும் பாதிக்கு மேல் சாதாரண பிளாஸ்டிக்தான். மண்ணில் போட்டால் வெளியே தெரிகிற வைக்கோல் துணுக்கு உக்கலாம், மிச்சம் பொடிப்பொடியாக மண்ணிலேயே கிடக்கும். பொலிப்புரோப்பிலீனாக இருந்தால் உடனே ஆபத்து என்றில்லை, பாவியுங்கள், ஆனால் பச்சைச் சாமான் என்று ஏமாற வேண்டாம். அடியில் இலக்கம் எதுவும் இல்லாமல், பீங்கான் போலக் கனமாக, மூங்கில் தூள் கலந்தது என்று வந்தால் கவனம். அதில் பல மெலமைன். சூடான தேத்தண்ணி ஊற்றும்போது மெலமைனும் ஃபோமல்டிஹைட்டும் கசியலாம் என்ற காரணத்தால் ஐரோப்பிய ஒன்றியம் 2021இல் இப்படியான சாமான்களைச் சந்தையிலிருந்து அகற்றத் தனியாக நடவடிக்கை எடுத்தது. பிள்ளைக்கு எவர்சில்வர் கப் போதும்.

நமது நாட்டில் 2023 ஒக்டோபர் 1 முதல் ஒரு தரம் பாவித்து வீசுகிற பிளாஸ்டிக் தட்டு, கரண்டி, உறிஞ்சி, இடியப்பத் தட்டு போன்றவற்றுக்குத் தடை. தடை வந்த இடத்தில் "வைக்கோல் கலந்தது, ஆகவே பிளாஸ்டிக் அல்ல" என்று ஒரு சாமான் பின்கதவால் வரும். இந்தக் கலவை சுத்தப் பிளாஸ்டிக்காகத் திரும்பாது, சுத்த வைக்கோலாகவும் உக்காது. அரைத்துத் திரும்ப இதே மாதிரிச் சாமானாகச் சில தரம் வார்க்கலாம், ஒவ்வொரு தரமும் நார் நொறுங்கிப் பலம் குறையும். ஆகவே ஒரு நாள் பாவித்து எறிகிற சாமானை இதில் செய்வது எல்லாவற்றிலும் மோசமான தெரிவு.

இதன் முடிவு எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு பழைய உதாரணம் இருக்கிறது. கிழக்கு ஜேர்மனியில் 1957 முதல் 1991 வரை டிரபான்ட் என்ற கார் செய்தார்கள், 30 இலட்சத்துக்கு மேல். உருக்குத் தட்டுப்பாடு காரணமாக உடம்பைப் பஞ்சுக் கழிவும் பீனோல் பிசினும் கலந்து அழுத்திச் செய்தார்கள். கழிவு நாரைப் பாவித்தது கெட்டித்தனம்தான். துருப்பிடிக்கவே இல்லை. ஆனால் அந்தப் பிசின் ஒரு தரம் இறுகினால் திரும்ப உருகாது. நாடு ஒன்றானதும் ஆட்கள் அந்தக் காரைக் கைவிட்டார்கள், குவிந்த உடம்புகளை உருக்கவும் முடியாமல் உக்கவைக்கவும் முடியாமல் அந்த நாடு தலையைப் பிய்த்துக்கொண்டது. செய்கிற நாளிலேயே கடைசி நாளையும் கேட்க வேண்டும்.

நமக்கு அந்தக் கேள்வி வீட்டு வாசலில் நிற்கிறது. பள்ளக்காட்டுக் குப்பை மேட்டை உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அங்கே பிளாஸ்டிக்கைத் தின்று 8 வருடத்தில் ஏறத்தாழ 20 யானைகள் செத்தன என்று 2022 ஜனவரியில் உலகச் செய்திகளில் வந்தது. நம்மட கரையோர ஊர்களின் குப்பை அது. புதிதாக ஒரு சாமான் செய்து அதையும் அங்கேயே அனுப்புவதென்றால் அந்தத் தொழிற்சாலை நமக்கு வேண்டாம்.

எதைச் செய்யலாம்? பாடசாலை வாங்கு, பூங்கா இருக்கை, வேலிக் கட்டை, வாய்க்கால் பாலத்தின் மேற்பலகை, மில்லில் மூட்டை அடுக்குகிற தட்டு, சந்தையில் மீன் பெட்டி வைக்கிற தட்டு. கடற்கரைக் காற்றில் இரும்பு இரண்டு வருடத்தில் துருவாகிறது, மரப் பலகையைக் கறையான் தின்கிறது. இந்தப் பலகை துருவாது, கறையானும் இலகுவில் தொடாது. வீட்டுக் கூரைக்கு வளை போடுவதற்கு வேண்டாம். நம்மட வெயிலில் நெடுநாள் பாரம் தாங்கினால் பிளாஸ்டிக் கதிரைக் கால் போல வளைந்துவிடும். வெட்டிய முனையால் தண்ணீர் உறிஞ்சி நார் வீங்கும், ஆகவே முனையை மூட வேண்டும். மேற்பரப்பு வெயிலில் வெளுத்துப் பொடி கொட்டும் என்பதும் உண்மை. அதைக் குறைக்க வெயில் தாங்கும் மருந்து கலக்க வேண்டும், இல்லாவிட்டால் நாமே மண்ணுக்குப் பிளாஸ்டிக் பொடி தூவியவர்களாவோம்.

பிரதேச சபைக்கு என்னுடைய கோரிக்கை சிறியது. யாராவது இப்படி ஒரு தொழிற்சாலைக்கு அனுமதி கேட்டு வந்தால் நான்கு விசயத்தை எழுத்தில் கேளுங்கள்: எந்தப் பிளாஸ்டிக், எங்கிருந்து வருகிறது, கழுவுகிற தண்ணீர் எங்கே போகும், வைக்கோல் எடுப்பதானால் ஏக்கருக்கு எத்தனை பங்கை வயலில் விட்டுவைப்பார்கள், பழுதான சாமானை யார் திரும்ப வாங்குவார்கள். நான்காவது கேள்விக்குப் பதில் இல்லாவிட்டால் மற்ற மூன்றையும் வாசிக்கத் தேவையில்லை.

மில் வைத்திருக்கிற சகோதரர்கள், உங்கள் அடுப்புக்குப் போக மாதம் எவ்வளவு உமி மிஞ்சுகிறது என்று கொமண்டிலோ இன்பொக்ஸிலோ சொல்லுங்கள். நிறுத்துச் சொன்னால் இன்னும் நல்லது, உழவு மெஷின் பெட்டிக் கணக்கானாலும் பரவாயில்லை. விவசாய அமைப்புகளில் இருப்பவர்கள் உங்கள் வட்டையில் ஒரு போகத்துக்கு எத்தனை வெறும் உர பேக் சேருகிறது என்று ஒரு கணக்கு எடுங்கள். இந்த இரண்டு இலக்கமும் கையில் இருந்தால் பல்கலைக்கழகத்துக்குப் போய்ப் பேச நான் தயார், என்னோடு வர இரண்டு பேர் தேவை. அதுவரைக்கும் வீட்டில் கிடக்கிற பேக்குகளை எரிக்காமல், கழுவிக் காயவைத்து, மழை படாத இடத்தில் கட்டி வையுங்கள்.